ஹை ரெசல்யூஷன் கேமிங்: கிராபிக்ஸ் கார்டு வாங்குகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேபினட்டுக்குள் கார்டு நுழையுமா என்று அளப்பது, டிரைவர் போடுவது எல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுவோம். புதிதாக பிசி கட்டுகிறவர்கள் திரும்பத் திரும்ப விழும் பள்ளம் வேறு. அனுபவசாலிகள் பலரும் ஒரு காலத்தில் விழுந்து எழுந்த பள்ளம்தான் அது.

பெயரைப் பார்த்து வாங்குவது, மெமரியைப் பார்க்காமல்

என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ என்று ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் விற்கிறார்கள்: 8 ஜிபி, 16 ஜிபி. சிப் ஒன்றே, 4608 கோர்களும் ஒன்றே. ஏஎம்டியும் சளைத்ததல்ல, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியிலும் இதே இரட்டை வேடம். 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1060இல் 3 ஜிபி மாடலுக்குக் கோர்களையே குறைத்திருந்தார்கள், பெயரை மட்டும் மாற்றவில்லை. இத்தனை வருஷமாகியும் இந்தப் பெயர் வித்தை ஓயவில்லை என்பதுதான் எரிச்சல்.

வழக்கமாக நடப்பது இதுதான். பட்ஜெட் இடிக்கிறது என்று 8 ஜிபியை வாங்கி 1440பி (2560x1440 பிக்சல்) மானிட்டரோடு இணைக்கிறார்கள். முதல் பத்து நிமிஷம் வெண்ணெய் மாதிரி ஓடும். பிறகு கேமராவைத் திருப்பும்போதெல்லாம் ஒரு வெட்டு, சுவரின் செங்கல் களிமண்ணாகத் தெரியும். உடனே பிராசசர் மேல் சந்தேகம், ரேம் மேல் சந்தேகம். விண்டோஸை அழித்துப் போட்டாலும் வெட்டு போகாது.

காரணம் எளிது. 8 ஜிபி நிரம்பினால் மிச்சம் கம்ப்யூட்டரின் ரேமுக்குப் போகிறது. கார்டின் சொந்த மெமரி நொடிக்கு 448 ஜிபி வேகம் கொண்டது. ரேமில் இருப்பதோ கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐஇ பாதை வழியாக வரவேண்டும், 5060 டிஐக்கு அதில் 8 லேன் (தடம்) தான். பி450 போன்ற பழைய பிசிஐஇ 3.0 மதர்போர்டில் நொடிக்குச் சுமார் 8 ஜிபி. ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) இதை மறைத்துவிடும், 1% லோ எண்ணைப் பாருங்கள், அதாவது மிக மெதுவான ஒரு சதவீத ஃபிரேம்களின் வேகம். கேம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் ஜிபியூ பக்கத்தைத் திறந்தால், டெடிகேட்டட் மெமரி (கார்டின் சொந்தம்) நிரம்பி ஷேர்டு மெமரி (ரேமிலிருந்து கடன்) ஏறிக்கொண்டே போவது தெரியும்.

ஏற்கெனவே வாங்கியாயிற்று என்றால் கேம் செட்டிங்கில் டெக்ஸ்சரை (சுவர், தரை போன்ற பரப்புகளின் படத் தரம்) ஒரு படி இறக்குங்கள். ரே டிரேசிங் (ஒளி, நிழலை நிஜம்போலக் கணக்கிடுவது), ஃபிரேம் ஜெனரேஷன் (இடையில் கூடுதல் ஃபிரேம்களை உருவாக்குவது) இரண்டும் மெமரி தின்னும். பெட்டியின் மேல் பெரிதாக அச்சடிப்பது அவற்றைத்தான், வேடிக்கை. இனிமேல் வாங்குவதானால் 1440பிக்கு 12 ஜிபி, 4கேக்கு (3840x2160 பிக்சல்) 16 ஜிபி. அதற்குக் கீழே வேண்டாம். சென்னை ரிச்சி தெருவானாலும் ஆன்லைனானாலும் பில்லில் ஜிபி எண் இருக்கட்டும்.

1440பி கார்டுக்கு 4கே மானிட்டர்

1440பியில் சுமார் 37 லட்சம் பிக்சல், 4கேயில் 83 லட்சம். வேலை 2.25 மடங்கு. டிஎல்எஸ்எஸ் (என்விடியாவின் படம் பெரிதாக்கும் நுட்பம்) குவாலிட்டி மோடு உள்ளே 1440பியில் வரைந்து பெரிதாக்குவதால் ஓரளவு தாங்கும். மெமரித் தேவை அந்த அளவுக்குக் குறையாது.

பழைய எச்டிஎம்ஐ

எச்டிஎம்ஐ 2.0 வழியாக 4கேயில் முழு நிறத்தோடு 60 ஹெர்ட்ஸைத் தாண்டாது. டிஸ்ப்ளேபோர்ட் போடுங்கள்.

ஒரே பவர் கேபிள்

கார்டில் இரண்டு 8 பின் சாக்கெட் இருந்தால் தனித்தனியாக இரண்டு கேபிள். 16 பின் கனெக்டர் என்றால் இடைவெளி தெரியாமல் முழுக்க அழுத்துங்கள். அரைகுறையாகச் செருகி, 2022இல் பல ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளின் கனெக்டர் உருகியது.