குறைந்த விலை இறகில் ட்ரவுட் ஃப்ளை: எனக்குக் கைகொடுத்த வழி

ட்ரவுட் மீன் பிடிக்க, தூண்டில் முள்ளில் இறகு, நூல் சுற்றிப் பூச்சி போலச் செய்யும் ஃப்ளையைக் கட்ட ஆரம்பித்தபோது பெரிய தலைவலி ஹேக்கிள்தான், அதாவது இழைகள் விரியும்படி முள்ளில் சுற்றும் கோழி இறகு. முழு சேவல் கழுத்துத் தோல் வாங்கக் கட்டுப்படியாகாது, மலிவான கலப்புப் பொட்டலத்து இறகில் கட்டிய டிரை ஃப்ளையோ (தண்ணீர்மேல் மிதக்க வேண்டியது) இழைகள் மெத்தென்று இருப்பதால் தண்ணீரைக் குடித்து மூழ்கிவிடும். சரி, அந்த இறகு வீணா என்றால் இல்லை, மூழ்க வேண்டிய வெட் ஃப்ளைக்கு அப்படிப்பட்டதுதான் வேண்டும், பெட்டைக்கோழி இறகை அதற்கென்றே வாங்குகிறார்கள். அதனால் மிதப்பதைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு நீருக்கடியில் இருக்கும் இளம்பூச்சி போலக் கட்டும் நிம்ஃபில் இறங்கினேன். ஃபெசன்ட் பறவையின் வாலிறகு, மெல்லிய செம்புக் கம்பி, அவ்வளவுதான். இங்கிலாந்தின் ஆற்றுக் காவலர் ஃப்ராங்க் சாயர் இந்த இரண்டை மட்டும் வைத்துத்தான் தன் ஃபெசன்ட் டெயில் நிம்ஃபைக் கட்டினார், நூல்கூடக் கிடையாது! ஒரே வாலிறகில் நிறைய ஃப்ளை வரும். மயிலிறகு இழையும், வூலி பக்கர் என்ற மூழ்கும் ஃப்ளைக்கான மாராபூ என்ற மென்மையான இறகும் இதேபோல மலிவு.

அப்புறம் டிரை ஃப்ளைக்கு, 14ஆம் அளவு முள்ளுக்கென்று பிரித்து விற்கும் சேவல் சேடில் (முதுகின் பின்பகுதி) இறகுப் பொட்டலம் ஒன்று பழுப்பு நிறத்தில் வாங்கினேன், நீளமான இறகு என்பதால் ஒன்றிலேயே பல ஃப்ளை கட்டலாம். தனி இறகாக வாங்கினால் வளைத்துப் பாருங்கள், விரியும் இழை முள்ளின் வாய் அகலத்தை (நுனிக்கும் தண்டுக்கும் உள்ள இடைவெளி) போல ஒன்றரை மடங்கு இருந்தால் எடுக்கலாம். கலர் கலராகச் சாயம் ஏற்றியதெல்லாம் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம்.