பாலக்கோட்டில் பாகம் பாகமாகப் பூட்டிய கேமிங் கம்ப்யூட்டர்: குறைந்த பட்ஜெட்டில் பாகங்கள் தேர்ந்தெடுப்பது எப்படி?

சித்தப்பா மகனுக்காக 45,000 ரூபாய்க்குள் ஒரு கேமிங் கம்ப்யூட்டர் சேர்த்துக் கொடுத்தேன். மானிட்டர் ஏற்கெனவே வீட்டில் இருந்தது. பாகங்கள் வாங்கியது பெங்களூரு எஸ்.பி. ரோட்டில், பூட்டியது பாலக்கோட்டில். திருப்புளி பிடிக்கவும் பென்டிரைவ் ஃபார்மட் பண்ணவும் தெரிந்தால் போதும், நீங்களும் செய்யலாம்.

படி 1: கிராஃபிக்ஸ் கார்டு இப்பவா, பிறகா?

திரையில் வரும் படத்தை வரைகிற தனி அட்டைதான் கிராஃபிக்ஸ் கார்டு. கடைக்குப் போகும் முன்பே இதை முடிவு பண்ணிடுங்க. மற்றதெல்லாம் இதை வைத்துத்தான். இன்டெல் ஐ3-12100எஃப் நல்ல ப்ராசசர் (கம்ப்யூட்டரின் மூளை), ஆனால் கடைசியில் 'எஃப்' இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. தனி கார்டு போடாமல் திரையில் ஒரு எழுத்துகூட வராது. ரைசன் 5 5600ஜி-யில் 6 கோர், 12 த்ரெட், கூடவே உள்ளேயே கிராஃபிக்ஸ். வேலரன்ட் மாதிரி விளையாட்டுகள் 1080பி-யில், குறைந்த செட்டிங்கில் தாராளமாக ஓடும்.

சித்தப்பாவுக்குத் தக்காளி கை கொடுத்த பிறகுதான் கார்டு என்று முடிவானதால் 5600ஜி எடுத்தோம். கையில் கார்டுக்கும் சேர்த்துப் பணம் இருந்தால் 'ஜி' வேண்டாம், சாதா 5600 எடுங்க.

படி 2: மதர்போர்டு

இங்கேதான் எனக்கு இரண்டு நாள் போனது. பி450 போர்டு ஒன்று விலை குறைவாகக் கிடைத்தது, வாங்கிட்டேன். எல்லாம் பூட்டி சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றுது, திரை கறுப்பு. கீபோர்டில் விளக்கு எரியவில்லை. ரேமைக் கழற்றி மாட்டினேன், கேபிளை மாற்றினேன். இரவு பதினொரு மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் போர்டின் ஓரத்தில் 'சிபியு' (ப்ராசசர்) என்ற எழுத்துக்குப் பக்கத்தில் பொட்டு மாதிரி ஒரு சிவப்பு விளக்கு எரிவது தெரிந்தது.

காரணம் இதுதான்: பி450 சிப்செட் (போர்டை நடத்தும் சில்லு) வந்தது 2018-ல், 5600ஜி வந்தது 2021-ல். கடையில் நாள்பட்டுக் கிடந்த போர்டில் பழைய பயாஸ் (சுவிட்சைப் போட்டதும் முதலில் ஓடுகிற, போர்டிலேயே பதிந்த மென்பொருள்). அதற்கு இந்த ப்ராசசரை அடையாளமே தெரியாது. ப்ராசசர் உட்காரும் சாக்கெட் பொருந்தினால் மட்டும் போதாது.

வாங்கும்போது பெட்டியில் 'ரைசன் 5000 டெஸ்க்டாப் ரெடி' ஸ்டிக்கர் இருக்கா என்று பாருங்க. இல்லையென்றால், "அண்ணா, பயாஸ் அப்டேட் பண்ணிக் கொடுங்க" என்று கடையிலேயே கேட்டு வாங்குங்க. ஏற்கெனவே வாங்கியாச்சா? போர்டின் பின்பக்கம் 'ஃப்ளாஷ் பயாஸ்' பொத்தான் இருந்தால் தப்பிச்சீங்க. பென்டிரைவை ஃபேட்32-ல் ஃபார்மட் பண்ணி, போர்டு கம்பெனி தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான ஃபைலை இறக்கி, கையேட்டில் சொன்ன பெயரை அப்படியே வையுங்க. நான் முதல் தடவை பெயர் மாற்றாமல் விட்டேன், எதுவும் நடக்கவில்லை. சரியான பெயர் வைத்துப் பொத்தானை அழுத்தியதும் அதன் விளக்கு விட்டுவிட்டு மினுங்கியது. அது அணையும்வரை கரண்டை மட்டும் நிறுத்தக் கூடாது.

படி 3: ரேம்

ஒரே 16 ஜிபி வேண்டாம், இரண்டு 8 ஜிபி வாங்குங்க. உள் கிராஃபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ரேமைத்தான் பங்கு போடுது. இரண்டு குச்சி இருந்தால்தான் டூயல் சேனலில் (ஒரே நேரத்தில் இரண்டு வழியாக) ஓடும், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். நாலு ஸ்லாட் போர்டில் ப்ராசசர் பக்கமிருந்து எண்ணி 2, 4-ல் மாட்டுங்க. பயாஸில் எக்ஸ்எம்பி-யை (ரேமை அதில் அச்சடித்த வேகத்தில் ஓட வைக்கும் வசதி) ஆன் பண்ண மறக்காதீங்க. 3200 என்று அச்சடித்த பல ரேம்கள் அது இல்லாமல் 2133-லேயே ஓடிக்கொண்டிருக்கும்.

படி 4: பவர் சப்ளை

கேபினட்டோடு இலவசமாக வருகிற எஸ்எம்பிஎஸ்ஸை (பவர் சப்ளையை) வாங்கவே வாங்காதீங்க. நம்ம பக்கம் வோல்டேஜ் ஏறி இறங்குவது உங்களுக்கே தெரியும். பெயர் பெற்ற கம்பெனியின் 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் (கரண்டை அதிகம் வீணாக்காது என்ற சான்று) எடுத்தேன். கேபினட்டில் ஆயிரம் ரூபாய் குறைத்தேன், இதில் குறைக்கவில்லை.

ஃபைல்களைச் சேமிக்க எஸ்எஸ்டி 500 ஜிபி என்விஎம்இ (வேகமான வகை), ப்ராசசரோடு வருகிற கூலர், காற்று வரும் கேபினட். இவற்றில் யோசிக்க எதுவும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஜிஎஸ்டி பில் மட்டும் கேட்டு வாங்குங்க, வாரண்டிக்கு அதுதான் பிடி.

படி 5: பிறகு போட்ட கார்டு

ஆர்எக்ஸ் 6600, 8 ஜிபி. 132 வாட்தான், ஒரே ஒரு 8 பின் கேபிள். இதைவிட மலிவு என்று ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பக்கம் போகாதீங்க. அதற்கு பிசிஐ-இ பாதை (கார்டும் ப்ராசசரும் பேசிக்கொள்ளும் வழி) நாலுதான், 5600ஜி-யோ 3.0 என்ற பழைய வேகம்தான் தரும், அதனால் கார்டின் வேகம் கணிசமாகக் குறையும்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு ஊத்தங்கரையிலிருந்து ஒரு தம்பி, "கார்டு போட்டும் பழைய மாதிரியேதான் ஓடுது அண்ணா" என்றார். படம் அனுப்பச் சொன்னேன். எச்டிஎம்ஐ கேபிள் இன்னும் மதர்போர்டிலேயே இருந்தது. கார்டு போட்டதும் அதைக் கீழே இருக்கும் கார்டின் துளைக்கு மாற்றணும்.

இன்னொருவர் யுபிஎஸ் பற்றிக் கேட்டார். சாதாரண 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். கரண்ட் போனதும் விளையாட்டை சேவ் பண்ணி அணைக்க அது போதும், தொடர்ந்து விளையாட இல்லை. யுபிஎஸ்ஸுக்கு மாறும் நொடியிலேயே கம்ப்யூட்டர் அணைந்தால், சைன் வேவ் (வீட்டுக் கரண்டு மாதிரியே சீரான அலை) தரும் யுபிஎஸ் ஒன்றை இரவல் வாங்கி ஒருமுறை போட்டுப் பாருங்க.