உலகக் காடுகள் பாடத்தை ஒரு சவுக்கு கொத்துலேர்ந்து ஆரம்பிங்க

ஒன்பதாவதுலேர்ந்து பதினொண்ணாவது வரைக்கும் உலகக் காடுகள் எடுக்கற டீச்சர்ஸுக்கு நான் சொல்றது இதான், உலக மேப்பை அப்பறம் மாட்டிக்கலாம், முதல்ல பச்சையா ஒரு சவுக்கு கொத்து கிளாசுக்கு எடுத்துட்டு போங்க. ஈசிஆர் பக்கம் காத்து அடிச்ச மறுநாள் கீழயே விழுந்து கெடக்கும். "இது ஊசியிலை மரமா?"ன்னு கேட்டா பாதி கிளாஸ் ஆமான்னு சொல்லும். ஆளுக்கொரு இழை குடுத்து கணுவுல பிடிச்சு இழுக்கச் சொல்லுங்க, டக்குனு கழண்டு வரும், அந்த கணுவை சுத்தி பொடிப்பொடியா பல்லு வரிசை மாதிரி தெரியும் பாருங்க, அதான் இலை, நாம இலைன்னு நெனச்சுட்டு இருந்தது குச்சி! இது பைன் குடும்பமே இல்ல, பூக்கற மரம், ஆஸ்திரேலியா, தென்கிழக்கு ஆசியா பக்கத்துக்காரன்.

அப்ப நெஜமான ஊசியிலைக் காடு எங்க இருக்குன்னு அவங்களே கேப்பாங்க, அப்போ மேப்பை மாட்டுங்க. சைபீரியா, கனடா, ஸ்காண்டிநேவியா. ஸ்ப்ரூஸ் மரம் ஏன் கூம்பா இருக்குன்னா பனி கிளையில தங்காம வழுக்கி விழணும், இல்லன்னா பாரத்துல கிளை ஒடியும். லார்ச் மட்டும் ஊசியிலையா இருந்தும் குளிருக்கு முன்னாடி மொத்தமா கொட்டிடும், இதை பசங்க மறக்கவே மாட்டாங்க.

அமேசானுக்கு ஒரு பாலிதீன் கவர் போதும். வெயில் நல்லா அடிக்கற நாள்ல, காலைல பிரேயர் முடிஞ்சதும் ஸ்கூல் வேப்பமரத்துல இலை நெறைய இருக்கற ஒரு கிளைய உள்ள விட்டு கவரோட வாயை நூலால இறுக்கி கட்டுங்க. லஞ்ச் பெல்லுக்கு போய் பாத்தா உள்பக்கம் முத்து முத்தா தண்ணி. ஒரு கிளைக்கே இவ்ளோன்னா கோடிக்கணக்கான மரம் எவ்ளோ ஆவியை விடும்னு அவங்களையே யோசிக்க விடுங்க. அட்லாண்டிக்லேர்ந்து வர்ற ஈரம் மழையா விழுந்து, மரம் அதை உறிஞ்சி மறுபடி மேல விட்டு, அது மேற்க நகர்ந்து திரும்ப மழையாகுது, அதனால கிழக்குல காட்டை அழிச்சா மேற்க மழை கொறையும். இந்த காரண காரியம் புரிஞ்சுட்டா அப்பறம் மனப்பாடம் பண்ண ஒண்ணுமே இல்ல.

நம்பர்ஸை போர்டுல எழுதிப் போடாதீங்க, கணக்கா குடுங்க. 2020 கணக்குப்படி உலகத்துல சுமார் 406 கோடி ஹெக்டேர் காடு, நிலப்பரப்புல 31 சதவீதம். கிண்டி தேசியப் பூங்கா சுமார் 270 ஹெக்டேர். வகுத்துப் பாத்தா ஒன்றரை கோடி கிண்டி வரும், பூங்கா சுவரை தெனம் பஸ்ல தாண்டற பசங்களுக்கு அது உடனே மனசுல பதியும். அதிகக் காடு எந்த நாட்டுலன்னு கேளுங்க, எல்லாரும் பிரேசில்னுதான் சொல்லுவாங்க, ஆனா முதல் இடம் ரஷ்யாவுக்கு, உலகக் காட்டுல அஞ்சுல ஒரு பங்கு அங்கதான். ரஷ்யா, பிரேசில், கனடா, அமெரிக்கா, சீனா அஞ்சையும் சேர்த்தா பாதிக்கு மேல.

கடைசி பீரியடை முழுசா ஒரே கேள்விக்கு ஒதுக்குங்க: எது காடு? ஐநா உணவு வேளாண்மை அமைப்பு வெச்சிருக்கற அளவு, அரை ஹெக்டேருக்கு மேல நிலம், 5 மீட்டருக்கு மேல வளர்ற மரம், 10 சதவீதத்துக்கு மேல நிழல் பரப்பு. இதுப்படி சவுக்குத்தோப்பு காடு, மாந்தோப்பு விவசாயக் கணக்குல போயிடறதால காடு இல்ல, வெட்டி மொட்டையா கெடக்கற எடம்கூட திரும்ப வளரப் போகுதுன்னா காடுதான். கை தூக்கச் சொல்லி எண்ணுங்க. அப்பறம் வனத்துறை அனுமதி வாங்கி கிண்டிக்குள்ள ஒரு நடை கூட்டிட்டு போங்க, வெளிமான் தெரிஞ்சா நல்லது, ஆனா தடிச்ச சின்ன இலைகளையும் அடியில இருக்கற புதரையும் நின்னு பாக்க வையுங்க. திரும்பி வந்து அதே கேள்விக்கு மறுபடி ஓட்டு.

போன தடவை முதல் ஓட்டுல சவுக்குத்தோப்பும் காடுன்னு கை தூக்கின ஒரு பொண்ணு ரெண்டாவது தடவை தூக்கல. ஏம்மான்னு கேட்டேன். "அங்க மரத்துக்கு அடியில வேற எதுவுமே மொளைக்கலையே மிஸ்"னு சொன்னா.