கலிஃபோர்னியாவில் கறுப்பினக் குடும்பத்துக்கு மெடி-கால் எடுப்பது எப்படி?

"சம்பளம் கொஞ்சம் அதிகமா இருக்கு, கிடைக்காது" என்று விண்ணப்பமே போடாமல் விட்டுவிடும் குடும்பங்கள் உண்டு. அப்படி ஒரு குடும்பத்துக்கு உதவ உட்காருபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மெடி-கால் என்பது வருமானம் குறைந்தவர்களுக்கான கலிஃபோர்னியாவின் அரசு மருத்துவக் காப்பீடு. இனத்துக்கும் தகுதிக்கும் சம்பந்தமில்லை, எந்த இனத்தவருக்கும் ஒரே விதிதான். ஆனால் 2023இல் அமெரிக்காவில் லட்சம் பிறப்புகளுக்குச் சுமார் 50 கறுப்பினத் தாய்மார் கர்ப்பம், பிரசவம் தொடர்பாக இறந்தார்கள். வெள்ளையினத் தாய்மாரில் அது 15கூட இல்லை. அதனால் கர்ப்பிணி இருக்கும் வீட்டில் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

படி 1: தலைகளை எண்ணுங்கள்

ஓக்லாந்தில் ஒரு தாய், இரண்டு பிள்ளைகள், வயிற்றில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். மூன்று பேர் என்று எழுதிவிடாதீர்கள். தாயின் தகுதியைப் பார்க்கும்போது வயிற்றுப் பிள்ளையும் சேரும், ஆக நான்கு.

படி 2: ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வரம்பைப் பாருங்கள்

அந்தத் தாய்க்கு வரிப் பிடித்தத்துக்கு முன் மாதம் 4,800 டாலர், ஆண்டுக்கு 57,600. 2025 கணக்கில் நான்கு பேர் குடும்பத்தில் பெரியவர்களுக்கான வரம்பு, அமெரிக்க அரசு வகுத்த வறுமைக் கோட்டில் 138 சதவீதம், அதாவது 44,367 டாலர். இந்த எண்ணைப் பார்த்ததும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக் கூடாது! கர்ப்பிணிக்கு வரம்பு 213 சதவீதம், ஏறத்தாழ 68,480 டாலர். 19 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 266 சதவீதம். தாய்க்கும் கிடைக்கும், பிள்ளைகள் இருவருக்கும் கிடைக்கும். டாலர் தொகை ஆண்டுதோறும் மாறும், விண்ணப்பிக்கும் அன்று சரிபாருங்கள்.

படி 3: விண்ணப்பம்

சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, சோஷியல் செக்யூரிட்டி எண், முகவரிச் சான்று ஆகியவற்றை எடுத்து வையுங்கள். கவர்ட் கலிஃபோர்னியா (மாநிலத்தின் காப்பீட்டுச் சந்தை) அல்லது பெனிஃபிட்ஸ்கால் (அரசு உதவிகளுக்கு விண்ணப்பிக்கும் தளம்) இணையதளத்தில் போடலாம். கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) அலுவலகத்துக்கு நேரிலும் போகலாம். ஆண்டு முழுவதும் வாங்குகிறார்கள். இனம் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்வது அவரவர் விருப்பம்.

பொதுவாக 45 நாளில் முடிவு வர வேண்டும். அதுவரை பொறுக்க முடியாத கர்ப்பிணிக்கு, இதற்குப் பதிவு பெற்ற மருத்துவமனைகளிலும் கிளினிக்குகளிலும் தற்காலிகக் காப்பீடு தருவார்கள். அங்கே அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

படி 4: கிடைத்ததும்

பல கவுண்டிகளில் ஹெல்த் பிளான், அதாவது மெடி-கால் சிகிச்சையை ஏற்பாடு செய்யும் நிறுவனம், தேர்ந்தெடுக்கச் சொல்லிக் கடிதம் வரும். பேசாமல் இருந்தால் அவர்களே ஒன்றில் சேர்த்துவிடுவார்கள். அதனால் பார்த்துப் பழகிய மருத்துவர் எந்தப் பிளானில் இருக்கிறார் என்று முதலில் விசாரியுங்கள்.

2023 ஜனவரியிலிருந்து டூலா சேவையும் மெடி-காலில் உண்டு. பிரசவத்துக்கு முன்பும் பின்பும் தாய்க்குத் துணையாக நின்று, அவள் சொல்வதை மருத்துவமனை காதில் போட்டுக்கொள்ள வைப்பவர் டூலா. வலி என்று சொன்னால் நம்பப்படாத தாய்மாருக்கு இது பெரிய பலம். அலமீடா, லாஸ் ஏஞ்சலஸ் உள்ளிட்ட கவுண்டிகளில் கறுப்பினத் தாய்மாருக்கென்றே பிளாக் இன்ஃபன்ட் ஹெல்த் என்ற இலவசத் திட்டம் இருக்கிறது. அதையும் கேளுங்கள்.

தாயின் காப்பீடு கர்ப்பம் முடிந்த பிறகும் 12 மாதம் தொடரும். குழந்தை பிறந்ததும் கவுண்டிக்குச் சொல்லிவிடுங்கள். தாய்க்கு மெடி-கால் இருந்தால் குழந்தைக்குத் தனி விண்ணப்பம் தேவையில்லை.

மறுத்துவிட்டால்? மறுப்புக் கடிதத் தேதியிலிருந்து 90 நாளுக்குள் மாநில விசாரணை, அதாவது முடிவை மறுபடி பார்க்கச் சொல்லும் மேல்முறையீடு, கேட்கலாம். அப்புறம், வீடு மாறினால் 10 நாளுக்குள் புது முகவரியைத் தெரிவியுங்கள். புதுப்பிப்புக் கடிதம் பழைய வீட்டுக்குப் போனால், தகுதி இருந்தும் காப்பீடு நின்றுபோகலாம்.