டைம்லைனில் இருப்பது எந்தத் தேதியின் புள்ளி?

வழக்கு மேலாண்மை மென்பொருளில் தவறான கோப்பைத் திறப்பது, வடிகட்டியை எடுக்க மறப்பது எல்லாம் ஒரு வாரத்தில் சரியாகிவிடும். சிங்கப்பூர் சட்ட அலுவலகங்களுக்குப் புதிதாக வருகிறவர்கள் கை பழகிய பிறகும் செய்கிற தவறுகள் வேறு: ஆவணங்களைத் தேதிப்படி புள்ளிகளாக அடுக்கும் டைம்லைன் வரைபடத்தை அப்படியே நம்புவதில் வருபவை.

ஸ்கேன் செய்த நாளிலிருந்து எண்ணுவது

இதைப் பார்க்கும்போது இன்னும் கோபம் வருகிறது, ஏனென்றால் ஒரே ஒரு கிளிக்கில் தவிர்க்கக்கூடியது. ஓர் ஆவணத்துக்குக் குறைந்தது மூன்று தேதிகள் உண்டு: நீதிமன்றத்தில் தாக்கலான நாள், பெறவேண்டிய தரப்பின் கையில் சேர்ந்த நாள், நம் அலுவலகத்தில் ஸ்கேன் செய்து ஏற்றிய நாள். தேதியை யாரும் நிரப்பாவிட்டால் மென்பொருள் பெரும்பாலும் மூன்றாவதில் புள்ளி வைத்துவிடும். எதிர்வாதத்துக்கான, அதாவது பிரதிவாதி தன் பதிலைத் தாக்கல் செய்வதற்கான கெடுவோ, 2021 நீதிமன்ற விதிகளின்படி, கையில் சேர்ந்த நாளிலிருந்து ஓடுகிறது.

பிரதிவாதி நம் கட்சிக்காரர் என்று வைத்துக்கொள்வோம். வாதியின் கோரிக்கை அறிக்கை 2025 மார்ச் 3 அன்று தாக்கலாகி, 10ஆம் தேதி திங்களன்று அவர் கையில் சேர்ந்தது. வெள்ளிக்கிழமை, 14ஆம் தேதி, உறையோடு கொண்டுவந்து கொடுக்கிறார், அன்றே ஸ்கேன். புள்ளி 14இல் நிற்கிறது. எதிர்வாதத்துக்கான 21 நாளைக் கூட்டினால் ஏப்ரல் 4. உண்மையில் 10க்கு மறுநாளிலிருந்து எண்ண, 21ஆம் நாள் மார்ச் 31. அன்று நோன்புப் பெருநாள் விடுமுறை என்பதால் கெடு ஏப்ரல் 1. ஏப்ரல் 2 அன்றே வாதி தரப்பு, எதிர்வாதம் இல்லை என்று தீர்ப்பு கேட்கலாம். அதை ரத்துசெய்யத் தனி விண்ணப்பம், பிரமாணப் பத்திரம், செலவுத்தொகை. வழக்கை எதிர்ப்பதாகத் தெரிவிக்கும் 14 நாள் கெடுவும் மார்ச் 24. டைம்லைன் காட்டுவதோ 28.

புள்ளியைக் கிளிக் செய்து, அது நிகழ்வுத் தேதியா பதிவுத் தேதியா என்று பாருங்கள். உறை எந்த நாள், யார் கையில் கிடைத்தது என்று கட்சிக்காரரிடம் கேளுங்கள். அந்த நாளைத் தனி நிகழ்வாகப் பதிந்து, கெடுவை அதோடு இணையுங்கள். சிங்கப்பூருக்கு வெளியே, ஜொகூர் பாருவில் வைத்துக் கொடுத்திருந்தால் எதிர்வாதத்துக்கு 5 வாரம். 21 நாள் வார்ப்புருவை அப்படியே விடக்கூடாது.

நாளும் மாதமும் இடம் மாறுவது

எக்செல்லிலிருந்து ஏற்றும்போது 03/04/2025 என்பது ஏப்ரல் 3 ஆகாமல் மார்ச் 4 ஆகிவிடக்கூடும். 13ஆம் தேதி முதல் உள்ளவை இப்படி மாற வழியில்லை என்பதால் பாதிப் புள்ளிகள் சரியாகவே இருக்கும், சந்தேகமே வராது. ஏற்றியதும் 1 முதல் 12 வரையான நாள்களில் ஐந்தை மூல ஆவணத்தோடு ஒப்பிடுங்கள்.

காலை 8 மணிக்கு முன் வந்த மின்னஞ்சல்

மென்பொருளின் நேர மண்டலம் யுடிசி (சிங்கப்பூருக்கு 8 மணி நேரம் பின்தங்கிய உலகப் பொது நேரம்) என்றிருந்தால் புள்ளி முந்தைய நாளில் விழும்.

வெற்றிடம்

தேதியில்லாத ஆவணங்கள் வரைபடத்தில் வராமல் போகலாம். பட்டியலையும் திறந்து எண்ணிக்கையைச் சரிபாருங்கள்.

"2022 மார்ச்" என்று மட்டும் தெரிந்த சம்பவம்

மென்பொருள் மார்ச் 1 என்று போட்டுவிடக்கூடும். காயத்துக்கான இழப்பீட்டு வழக்கின் 3 ஆண்டுக் காலவரம்பை முன்கூட்டியே எண்ணுவதால் கெடுவுக்குப் பாதகமில்லை. ஆனால் அதே வரி நிகழ்வுப் பட்டியலாக அச்சாகி நீதிமன்றத்துக்குப் போனால், சாட்சி சொல்லாத ஒரு தேதியை அவர் சொன்னதாக ஆகிவிடும். "சுமார்" என்ற குறியைப் பதியும்போதே போடுங்கள்.