விட்பியில் வீடு வாங்குமுன்: பலரும் செய்யும் தவறுகள்

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இங்கிலாந்தின் வடகிழக்குக் கடற்கரையில் இருக்கும் விட்பிக்குப் போகிறோம். துறைமுகத்தை ஒட்டி உட்கார்ந்து மீனும் சிப்ஸும் சாப்பிட்டு, 199 படி ஏறி இடிந்த மடாலயத்தைப் பார்த்துவிட்டு இறங்கி வரும்போது, வீட்டு ஏஜென்ட் கடைக் கண்ணாடியில் ஒரு செம்மண் ஓட்டு வீட்டின் படம் கண்ணில் படுகிறது. அங்கேயே மனசு முடிவெடுத்துவிடுகிறது. இந்த ஊரில் வீடு வாங்கி வருத்தப்பட்டவர்கள் எனக்குத் தெரிந்தே சிலர் இருக்கிறார்கள், அவர்கள் எல்லோருமே வீட்டைக் கோடையில் மட்டும் பார்த்தவர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

ஜனவரியில் போய்ப் பாருங்கள். நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஆற்றுக்குக் கிழக்கே சர்ச் தெருவிலும் அதை ஒட்டிய சந்துகளிலும் நடந்து, எத்தனை ஜன்னலில் விளக்கு எரிகிறது என்று எண்ணுங்கள். வாசற்கதவுக்குப் பக்கத்தில் எண் பூட்டு போட்ட சின்னச் சாவிப்பெட்டி இருந்தால் அது அநேகமாக விடுமுறைக்கு வாடகைக்கு விடும் வீடு. இரண்டு பக்கமும் அப்படியே என்றால், குளிர்காலத்தில் அவசரத்துக்குக் கதவைத் தட்டக்கூட ஆள் இருக்காது. ஊர்க்காரர்களுக்கு இது உண்மையான வலி. இனிமேல் கட்டும் புது வீடுகளை நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கு மட்டுமே விற்க வேண்டும் என்று 2022 ஜூனில் நடந்த வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் 93% பேர் சொன்னார்கள். அது சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது, ஆனால் ஊரின் மனநிலை தெரிந்துவிட்டது. 2025 ஏப்ரலிலிருந்து இங்கே இரண்டாவது வீடு வைத்திருந்தால் உள்ளாட்சிக்குக் கட்டும் கவுன்சில் வரி இரு மடங்கு, வாங்கும்போது முத்திரை வரியிலும் கூடுதலாக 5% உண்டு. விடுமுறை வீடாக வாங்க நினைப்பவர்கள் இதையெல்லாம் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள்.

சரி, வீட்டுக்குள் போவோம். பணம் அதிகம் கரையும் இடம் சுவர்தான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நண்பர் ஒருவருக்காக இப்படி ஒரு சந்து வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். முன்னறை முழுக்கப் புது வெள்ளை பெயிண்ட். சோபாவைக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தால், முழங்கால் உயரத்தில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது, கட்டைவிரலால் அழுத்தியதும் உடைந்து உள்ளே பூத்திருந்த உப்பு மாவாகக் கொட்டியது. ஓதம். வெளியே வந்து பார்த்தபோது காரணம் கண்ணுக்கு எதிரேயே இருந்தது: மணற்கல் சுவரின் இடுக்குகளில் யாரோ சிமெண்ட் பூசியிருந்தார்கள். கல்லின் முகம் உதிர்ந்து உள்ளே போய்விட, சிமெண்ட் கோடு மட்டும் துருத்திக்கொண்டு நின்றது.

1919க்கு முன் கட்டிய வீடுகளில் பெரும்பாலும் நடுவில் இடைவெளி இல்லாத ஒற்றைச் சுவர். கல்லுக்கு நடுவே சுண்ணாம்புக் காரை. மழை அடித்தால் சுவர் ஈரத்தை வாங்கிக்கொள்ளும், காற்றடித்தால் காரை வழியாக வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமெண்டோ ஈரத்தை அடைக்கும் பெயிண்டோ அடித்தால் போகும் வழி அடைபட்டு, தண்ணீர் கல்லுக்குள்ளும் அறைக்குள்ளும் திரும்புகிறது. வடகடல் காற்று மழையைச் சாய்வாக அடிக்கும் ஊரில் இது சின்ன விஷயமில்லை. இங்கே நடக்கும் பெரிய தவறு, கடன் கொடுக்கும் வங்கி செய்யும் மதிப்பீட்டையே பரிசோதனை என்று நம்பிவிடுவது. அது வங்கியின் பாதுகாப்புக்கு, உங்களுக்கு அல்ல. பழைய வீடு என்றால் லெவல் 3 சர்வே, அதாவது கட்டடத்தை மிக விரிவாக ஆராயும் பரிசோதனை, எடுங்கள், அதையும் சுண்ணாம்புச் சுவர் தெரிந்த சர்வேயரிடம் கொடுங்கள். ஓதத்துக்கு மருந்து விற்கும் நிறுவனத்தின் இலவசப் பரிசோதனை அதற்கு ஈடாகாது.

அப்புறம், பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் வீடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பாதுகாப்பு வாசல் முகப்போடு நிற்பதில்லை, உள்ளே இருக்கும் மாடிப்படிக்கும் கணப்புக்கும்கூட உண்டு. கட்டடத்தின் தன்மை மாறும்படியான வேலையை அனுமதியில்லாமல் செய்வது கிரிமினல் குற்றம். பலருக்குத் தெரியாத பகுதி இனிமேல்தான். முந்தைய சொந்தக்காரர் அனுமதி வாங்காமல் மர ஜன்னலை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் ஜன்னல் வைத்திருந்தால், குற்றம் அவருடையதுதான் என்றாலும், அதைப் பழையபடி மாற்றச் சொல்லும் நோட்டீஸ் இன்றைய சொந்தக்காரரான உங்களுக்குத்தான் வரும், அதற்குக் காலக்கெடுவும் கிடையாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் அனுமதிக் கடிதம் இருக்கிறதா என்று உங்கள் சாலிசிட்டரை (வீடு வாங்கும் பத்திர வேலையைப் பார்க்கும் வக்கீல்) கேட்கச் சொல்லுங்கள். மாடி அறை ஏதாவது பக்கத்து வீட்டுக்கோ பொதுவழிக்கோ மேலே நீண்டிருக்கிறதா என்றும் கேட்கச் சொல்லுங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் இந்தச் சந்துகளில் அது சகஜம், சில வங்கிகள் அதைப் பார்த்தாலே கடன் கொடுக்கத் தயங்கும்.

மண்ணையும் தண்ணீரையும் பற்றி ஏஜென்ட் தானாகச் சொல்ல மாட்டார். 1787இல் ஹென்ரியெட்டா தெருவின் ஒரு பகுதி வீடுகளோடு சரிந்தது. 2012 நவம்பரில் மழைக்குப் பின் சரிவு ஏற்பட்டு கிழக்குப் பக்கத்தில் ஐந்து வீடுகளை இடிக்க வேண்டியதாயிற்று. 2013 டிசம்பர் 5 அன்று கடல் பொங்கி துறைமுகத் தெருக்களுக்குள் வந்தது. வெள்ள அபாயத்தை அரசின் இணையதளத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டு இலவசமாகப் பார்க்கலாம். வெள்ளத்துக்குக் காப்பீடு பெரும்பாலும் கிடைத்துவிடும், 2009க்கு முன் கட்டிய வீடுகளுக்கு ஃப்ளட் ரீ என்ற திட்டம் 2039 வரை உதவுகிறது. கடல் அரிப்பு வேறு கதை. வீட்டுக் காப்பீடுகள் பொதுவாக அதை ஏற்பதில்லை, கடல் கொண்டுபோன வீட்டுக்கு இங்கிலாந்தில் அரசு இழப்பீடும் இல்லை. உங்கள் கரைத்துண்டைக் காப்பாற்றுவார்களா, இயற்கை போக்கில் விடுவார்களா என்பது கரையோர மேலாண்மைத் திட்டத்தில் எழுதியிருக்கும். விலை பேசுவதற்கு முன் அதைப் படியுங்கள்.

வயதான பெற்றோரோடு குடியேற நினைப்பவர்கள் மருத்துவமனைத் தூரத்தைப் பாருங்கள். ஊரில் அவசரச் சிகிச்சை மையம் உண்டு, ஆனால் உயிருக்கு ஆபத்தான அவசரம் என்றால் சுமார் 20 மைல் தள்ளி ஸ்கார்பரோவுக்கோ, இன்னும் தூரமான மிடில்ஸ்பரோவுக்கோதான் போக வேண்டும். ஸ்கார்பரோ ரயில் பாதையை 1965இலேயே மூடிவிட்டார்கள், மிடில்ஸ்பரோ ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். கூரையில் கடற்காகம் கூடு கட்டத் தொடங்கிவிட்டாலே உங்கள் இஷ்டத்துக்குக் கலைக்க முடியாது, சட்டம் அதைப் பாதுகாக்கிறது.

இன்னொன்று: விற்பவர் சரி என்று சொன்னதும் வீடு கிடைத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஒப்பந்தம் கைமாறும் வரை இரு தரப்பும் விலகலாம், அதுவரை இருக்கும் வீட்டைக் காலி செய்யும் வேலையைத் தொடங்க வேண்டாம்.

நண்பர் அந்த வீட்டைத்தான் வாங்கினார். சர்வே அறிக்கையைக் காட்டி விலையைக் குறைத்துப் பேசினார், கவுன்சிலிடம் அனுமதி வாங்கினார், இப்போது வார இறுதிகளில் உளியும் சுத்தியலுமாகச் சிமெண்டைக் கொத்தி எடுத்துக்கொண்டிருக்கிறார். பூசுவதற்கு மே மாதம் வரை காத்திருக்கிறார், உறைபனி விழும் நாட்களில் சுண்ணாம்பு பிடிக்காது.