ஓய்வுக்கு முன் செய்ய வேண்டியவை: மருத்துவக் காப்பீடு முதலில், வைப்புத்தொகை பிறகு

என் தந்தை 2025 மே 31 அன்று, 58 வயதில், ஒரு தனியார் நிறுவனத்திலிருந்து ஓய்வு பெற்றார். வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை ஆகியவற்றின் படிவங்களை அலுவலகமே நிரப்பித் தந்துவிடும் என்பதால் அவற்றை இங்கே விளக்கவில்லை. அலுவலகத்தில் எவரும் சொல்லாமல் விட்ட ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

முதல் படி, மருத்துவக் காப்பீடு. ஜூன் இரண்டாம் வாரத்தில் அலுவலகக் காப்பீட்டு அட்டையை மருத்துவமனையில் நீட்டியபோதுதான், அது மே 31-உடன் செல்லாததாகிவிட்டது என்பது எங்களுக்குத் தெரிந்தது. புதிய பாலிசி எடுக்கலாம். 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் பாலிசி கிடைக்க 2024 ஏப்ரல் முதல் விதிகள் வழிவிடுகின்றன. ஆனால் தந்தைக்கு ஏற்கெனவே சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் இருந்ததால், அவற்றுக்கான சிகிச்சைச் செலவைப் பெற 36 மாதங்கள் வரை காத்திருக்க வேண்டும் என்றார்கள். அலுவலகம் எல்லா ஊழியர்களுக்கும் சேர்த்து எடுக்கும் குழுக் காப்பீட்டிலிருந்து விலகும் ஊழியர் அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ளலாம் என்பதும், அப்படி மாறினால் குழுவில் இருந்த ஆண்டுகள் காத்திருப்புக் காலத்தில் கழிக்கப்படும் என்பதும் எங்களுக்குப் பிறகே தெரிய வந்தன. எனவே ஓய்வு நாளுக்கு இரண்டு மாதங்கள் முன்பே மனிதவளத் துறையிடம் குழு பாலிசியின் எண்ணையும், எந்த ஆண்டு முதல் அதில் இருந்தார் என்பதற்கான சான்றையும் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்கி, மாற்றத்துக்கான விண்ணப்பத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்துவிடுங்கள். அவர்கள் மருத்துவப் பரிசோதனை கேட்கக்கூடும். இருக்கும் நோயை மறைக்க வேண்டாம்.

பாலிசியைத் தேர்ந்தெடுக்கும்போது காப்பீட்டுத் தொகையைவிட இணைக்கட்டண விதியையே, அதாவது பில்லில் நாம் ஏற்க வேண்டிய பங்கையே, நான் முதலில் பார்ப்பேன். 20 விழுக்காடு என்று இருந்தால், 3 லட்சம் ரூபாய் பில்லில் 60,000 ரூபாய் நம் கையிலிருந்து போகும். (நாங்கள் பிரீமியத்துடன் 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் கட்டினோம், 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ பாலிசிகளுக்கு அந்த வரி இல்லை.)

இரண்டாம் படி, மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். 60 நிறையாவிட்டாலும், 55 வயதுக்கு மேல் ஓய்வு பெற்றவர், ஓய்வுத் தொகை கைக்கு வந்த மூன்று மாதங்களுக்குள் அந்தத் தொகைக்கு மிகாமல் இதில் போடலாம். ஓய்வு பெற்றதற்கும் பெற்ற தொகைக்கும் நிறுவனத்தின் சான்றிதழ் வேண்டும். உச்சவரம்பு 30 லட்சம். நாங்கள் சேர்ந்தபோது வட்டி 8.2 விழுக்காடு, 30 லட்சத்துக்குக் காலாண்டுக்கு 61,500 ரூபாய் வரும். எடுக்காமல் விட்ட வட்டிக்கு வட்டி கிடையாது. ஆகவே அது சேமிப்புக் கணக்கில் தானாக வரவாகும்படி கணக்கு தொடங்கும் நாளிலேயே எழுதிக் கொடுங்கள். ஓய்வூதியம் வரும் வங்கிக் கிளையிலேயே இதைத் தொடங்குவது என் விருப்பம். ஒரே பாஸ்புக்கில் எல்லாம் தெரியும். ஓராண்டுக்குள் கணக்கை முடித்தால் வட்டியே கிடைக்காது என்பதால், ஓராண்டு வீட்டுச் செலவுக்கான பணத்தை வெளியே வைத்துக்கொண்டு மீதியைப் போடுங்கள்.

மூன்றாம் படி எளியது: கணக்கை மனைவியோடு கூட்டாகத் தொடங்குங்கள். அவருக்கு வயது வரம்பு இல்லை. கணவருக்குப் பின், அப்போது இத்திட்டத்தில் சேரும் தகுதி அவருக்கு இருந்தால், கணக்கை அவர் தொடரலாம்.

பின்னர் சேர்த்தவை: தன் தாயாருக்கு 72 வயது, எந்த பாலிசியும் இல்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். 70 நிறைந்தவர்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை அளிக்கும் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கப்பட்டது. வயது ஆதாரைக் கொண்டே கணக்கிடப்படுவதால், பிறந்த ஆண்டு அதில் பிழையாக இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள். வரிப் பிடித்தம் குறித்தும் கேட்டார்கள். வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று வங்கியிடம் கொடுக்கும் 15எச் படிவத்தை நான் நிரப்பிக் கொண்டுபோய்த் திரும்பி வந்தேன். 2025-26 நிதியாண்டில் அது 60 நிறைந்தவர்களுக்கு மட்டுமே உரியது, தந்தையைப் போல 58 வயதில் இருப்பவர் 15ஜி படிவத்தையே கொடுக்க வேண்டியிருந்தது.